பழைய தோட்ட வண்டியைப் புதுப்பிப்போம்



கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத்துத் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வண்டி நிற்பதை இன்றும் பார்க்கலாம். ஒரு காலத்தில் பெரிய துரையை ஏற்றிக்கொண்டு மலைக்காட்டைச் சுற்றி வந்த லேண்ட்ரோவராக இருக்கும். அல்லது உரமூட்டை சுமந்த டாட்சனாகவோ டொயோட்டா ஹைலக்ஸாகவோ இருக்கும். தோட்டத்தில் ஏலம் விட்டபோது மலிவாகக் கிடைத்தது என்று அப்பா வாங்கிப் போட்டிருப்பார். ஓடினால் அது ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பு. நின்றுவிட்டால் கோழிக்கூடு. அப்படிப்பட்ட வண்டியை வீட்டிலேயே கழற்றிப் புதுப்பிக்க முடியுமா, முடியுமென்றால் எங்கே கையை வைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணமாகிவிட்டதை நாம் அறிவோம். சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் சா ஆலம் எழுந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பிராங் புசார் தோட்டத்தில் 1995ஆம் ஆண்டு புத்ராஜெயா கட்டத் தொடங்கினார்கள். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சிலர் கையில் கிடைத்த சிறு வண்டியை நம்பியே வாழ்க்கையை மறுபடி தொடங்கினார்கள். மாட்டுக்குப் புல் ஏற்றுவது, தேங்காய் ஏற்றுவது, பசார் மாலாமுக்குக் காய்கறி கொண்டு போவது, கல்யாண வீட்டுக்குக் கூடாரமும் நாற்காலியும் இறக்குவது என்று வேலைக்குக் குறைவில்லை. புது வண்டி வாங்கினால் மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும். ஆகவே பழையதைப் புதுப்பிப்பது சரியான யோசனைதான். ஆனால் வரிசை தவறினால் பணமும் போகும், சில வேளை ஆளும் போய்விடும்.

எந்த வரிசை? பெரும்பாலோர் இன்ஜினில் தொடங்குகிறார்கள். இன்ஜின் உறுமினால் வண்டிக்கு உயிர் வந்துவிட்டதாக மகிழ்ச்சி. அடுத்து சாயம். பளபளவென்று நின்றால் அண்டை வீட்டார் வந்து பார்ப்பார்கள். கையிலிருந்த பணம் அதோடு தீர்ந்துவிடும். பிரேக்கும் அடிச்சட்டமும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போகும். நாம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. வண்டியைத் தாங்குவது எதுவோ அது முதலில், நிறுத்துவது எதுவோ அது இரண்டாவது, திருப்புவது மூன்றாவது, ஓட வைப்பது நான்காவது, அழகு கடைசி. ஓடாத வண்டியால் யாரும் சாவதில்லை. நிற்காத வண்டியால்தான் சாகிறார்கள்.

விளக்கத்திற்கு லேண்ட்ரோவரையே எடுத்துக்கொள்வோம். தோட்ட வேலைக்கென்றே பிறந்த வண்டி அது. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் நாட்டில் ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் யுத்தகாலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்து வந்தார். அது தேய்ந்து போனால் அதன் இடத்தில் வேறு எதை வாங்குவது என்ற யோசனையிலிருந்துதான் லேண்ட்ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை முதன்முதலாக வைத்தார்கள். யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் அடிச்சட்டத்தை மட்டும் இரும்பில் செய்து, மேலுடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சீரிஸ் ஒன்று, இரண்டு, இரண்டு ஏ, மூன்று என்று மாறி மாறி வந்து 1985ஆம் ஆண்டு அந்த வரிசை நின்றது. நம் நாட்டில் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் அந்தப் பழைய வண்டிகளை வைத்து இன்றும் வேலை வாங்குகிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்ததே.

வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கிராண்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகள் தோட்டத்துக்குள்ளேயே ஓடி, வெளிச்சாலையைக் காணாமலே வயதானவை. சிலவற்றுக்குச் சாலை வரி கட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கிராண்டில் உள்ள அடிச்சட்ட எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் வெட்டியிருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நாம் வாங்குவது வண்டியல்ல, பழைய இரும்பு. முதலில் ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு, பிறகு பணத்தை எடுப்பதே நல்லது.

அடுத்து, இந்த வண்டி என்ன சுமந்தது என்று கேட்க வேண்டும். இதைப் பலர் கேட்பதே இல்லை. மனிதன் செய்த தொழிலை அவன் கையைப் பார்த்துச் சொல்லலாம் அல்லவா? வண்டியும் அப்படித்தான். உரம் சுமந்த வண்டியென்றால் கவனம் தேவை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு என்னும் ஓர் உப்பு. கடல் உப்பு இரும்பை எப்படித் தின்னுமோ அப்படியே இதுவும் தின்னும். மூட்டை கிழிந்து சிந்திய உரம் மழைநீரில் கரைந்து, பின்தட்டின் சந்துகள் வழியாக அடிச்சட்டத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். அமோனியம் சல்பேட்டும் இரும்புக்கு நல்லதல்ல. ரப்பர்ப் பால் சுமந்த வண்டியென்றால் இரண்டு எதிரிகள். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் இரும்பை அரிக்கும். செம்பனைக் குலை சுமந்த வண்டியில் நசுங்கிய பழத்தின் புளித்த சாறு தட்டின் மூலைகளில் தங்கியிருக்கும். கேரித் தீவு போன்ற கடலோரத் தோட்டத்து வண்டியானால் உப்புக் காற்று வேறு. ஏலத்தில் இரண்டு வண்டிகள் ஒரே மாதிரி நின்றால், உரம் சுமந்ததை விட்டுவிட்டு ஆள் சுமந்ததை எடுப்பது அறிவுடைமை.

இனி அடிச்சட்டம். லேண்ட்ரோவரின் அடிச்சட்டம் இரும்புத் தகடுகளைப் பெட்டி போல மடித்துப் பற்றவைத்தது. உள்ளே வெற்றிடம். சேறும் நீரும் உள்ளே புகுந்தால் வெளியேற அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். நம் ஊர்ச் செம்மண் அந்தத் துளைகளை அடைத்துவிடும். அடைத்த பிறகு சட்டம் உள்ளிருந்தே அழுகும். வெளியே சாயம் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே கண்ணை நம்பக் கூடாது, காதை நம்ப வேண்டும். சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். அழுகிய இடம் பழுத்த பலாப்பழத்தைத் தட்டினாற்போல் "தொப்" என்னும். சந்தேகப்பட்ட இடத்தில் திருப்புளியை ஊன்றி அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பே இல்லை.

முதலில் போவது பின்கோடியில் குறுக்காக இருக்கும் உத்திரம். சக்கரம் வாரியடிக்கும் சேறு முழுவதும் அங்கேதான் சேரும். அடுத்து, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு மேலுடலைத் தாங்கும் கைகள். மூன்றாவதுதான் ஆபத்தானது. பட்டை ஸ்பிரிங்குகளை அடிச்சட்டத்தோடு மாட்டும் இடங்கள் அவை. அங்கே விட்டுப்போனால் அச்சே நகர்ந்து, வண்டி சொன்ன பேச்சைக் கேட்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

அழுகிய இடத்தின் மேல் ஒரு தகட்டை ஒட்டிப் பற்றவைத்து, மேலே தார் பூசி மறைப்பது சிலருடைய வழக்கம். துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது. பிடித்தது போலத் தெரியும், பாரம் ஏறியதும் பிளக்கும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தி, சுற்றிலும் பற்றவைப்பதே முறை. இதற்கு இருபது மடங்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். வெல்டிங் பழகாதவர்கள் இந்த வேலையில் பழகக் கூடாது. வேலியிலும் கோழிக்கூட்டிலும் பழகலாம். அடிச்சட்டத்துக்குக் கைதேர்ந்த ஆளை ஒருநாள் கூலிக்கு அழைத்து, வெட்டிச் சுத்தம் செய்யும் வேலைகளையெல்லாம் முன்கூட்டியே நாம் முடித்து வைத்தால் செலவு பாதியாகக் குறையும். அடிச்சட்ட எண் வெட்டியுள்ள பகுதியில் மட்டும் அரைக்கும் கல்லையோ வெல்டிங் கோலையோ யாரும் கொண்டு போகக் கூடாது. அந்த எண் அழிந்தால் சட்டப்படி வண்டியே அழிந்தது போலத்தான்.

வெல்டிங் நாளன்று பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டாங்கியை வண்டியிலிருந்து இறக்கித் தூரமாக வைக்க வேண்டும். காலி டாங்கிதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நிறைந்த டாங்கியை விடக் காலி டாங்கிதான் வெடிக்கும். எரிவது பெட்ரோல் அல்ல, பெட்ரோலின் ஆவி. ஓட்டையான டாங்கியை வீட்டில் அடைக்க முயலாமல் ரேடியேட்டர் கடையில் கொடுத்துவிடுவதே மேல்.

அலுமினிய மேலுடல் துருப்பிடிக்காது என்று பெருமையாகச் சொல்வார்கள். துருப்பிடிக்காது, ஆனால் கரையும். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அது ஒரு சிறு பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். மறுபடி பொருத்தும்போது இரண்டுக்கும் இடையில் ரப்பர்ப் பட்டையோ கனமான சாயமோ வைத்தால் போதும். இன்ஜினுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகடு மட்டும் இரும்பு. கால் வைக்கும் குழியையும் கதவு தொங்கும் தூணையும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றிப் பேசுமுன் வண்டியின் அடியில் நுழைவதைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பது, பாம்புப் புற்றில் கையை விட்டுக்கொண்டு தூங்குவதற்குச் சமம். ஜாக் என்பது தூக்கும் கருவி, தாங்கும் கருவி அல்ல. தூக்கியவுடன் இரும்புத் தாங்கிகளை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் ஆகாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். அடுக்கிய பிறகு வண்டியைத் தோளால் இடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

லேண்ட்ரோவரில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரணக் காரில் கைப்பிரேக் பின் சக்கரங்களையே பிடிக்கும். பழைய லேண்ட்ரோவரிலோ அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டைப் பிடிக்கிறது. அதனால் என்ன? கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் மற்றது எதிர்ப்பக்கம் உருள வழி கிடைத்துவிடுகிறது. வண்டி ஜாக்கிலிருந்து சரிந்து இறங்கும். கைப்பிரேக்தான் போட்டிருக்கிறதே என்று நம்பி அடியில் இருப்பவர் கதி என்ன? ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஒரு சக்கரத்தையும் தூக்காதீர்கள். விடுமுறை நாளில் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது இது இன்னும் முக்கியம்.

சரி, பிரேக். இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் தலைமைச் சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய் வழியே ஓடி, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டரைத் தள்ளும். அது பிரேக் பட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். பல பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியில்தான் போகும். எங்கேனும் ஓரிடத்தில் குழாய் விட்டுப்போனால் நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும். இப்போதைய வண்டிகளில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். நம் பழைய வண்டிக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. குழாய்களைத் துணியால் துடைத்து நெடுகப் பாருங்கள். துருப்புள்ளி விழுந்த குழாயை மாற்றுவதே சரி. ரப்பர்க் குழாய்களை மட்டும் எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

பிரேக் எண்ணெய் குறைந்தால் கையில் கிடைத்த இன்ஜின் எண்ணெயை ஊற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதன் கேட்டைச் சொல்லித்தரத் தேவையில்லை. ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறப் போட்டால் காலையில் என்ன ஆகிறது? உப்பிப் பிசுபிசுத்துப் போகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் பட்டால் அதே கதிதான். வளையம் வீங்கி இறுகும், பிறகு கிழியும், எண்ணெய் ஒழுகும். பழைய காலத்துப் பிரேக் எண்ணெயை ஆமணக்கு எண்ணெய் கலந்து செய்ததன் காரணமும் இதுவே. ஆமணக்கு எண்ணெய் ரப்பரைக் கெடுப்பதில்லை.

இன்னொரு விஷயம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 3 என்ற தரத்துப் புதிய எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகோ அதன் கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடும். பாரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது டிரம் சூடேறி, எண்ணெய் கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் தள்ளும், ஆவியை அழுத்தினால் சுருங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால்தான் பழைய எண்ணெயை முழுதும் வடித்துவிட்டு, முத்திரை உடைக்காத புதுப் புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும் என்கிறோம். பாதி தீர்ந்து மூடி திறந்து கிடந்த புட்டியை எடுக்கவே கூடாது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருப்புத் தூசு குவிந்திருக்கும். அதைக் காற்றுக் குழாயால் ஊதுவது பட்டறைகளில் சர்வ சாதாரணம். செய்யாதீர்கள். பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பார்கள். அதன் நார் மூச்சில் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். வாய்க்கும் மூக்கிற்கும் நல்ல முகக்கவசம் வேண்டும். வேலை முடித்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. வீட்டம்மா ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ஐயா சக்கரத்தருகே. "மிதி" என்றால் மிதிக்க வேண்டும், "பிடி" என்றால் காலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும்போது திருகைத் திறந்தால் எண்ணெயோடு குமிழ் வரும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். தலைமைச் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடிக்க வேண்டும். நம் வலப்பக்க ஓட்டு வண்டிகளில் தொலைவானது பின் இடது சக்கரம். இந்த வேலையில் ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் பொறுமை இழக்கக் கூடாது. சில குடும்பங்களில் அன்று மாலை தேநீர் கிடைக்காமல் போனதுண்டு.

திருப்பும் பகுதியில் முக்கியமானது ஆட்டம். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு இடமும் வலமும். ஸ்டேரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத இடைவெளி எவ்வளவு என்று கவனியுங்கள். தேய்ந்த குண்டுமூட்டுகளுக்குச் சிகிச்சை இல்லை, மாற்றுவதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நிறைய இருக்கிறதே என்று பத்து வருஷத்து டயரில் பாரம் ஏற்றாதீர்கள். ரப்பருக்கும் வயதாகும். பழைய பெட்போர்டு லோரி வகைகளில் சக்கரம் இரண்டு துண்டாக, வளையம் போட்டுப் பூட்டியிருக்கும். காற்றடைக்கும்போது அந்த வளையம் தெறித்தால் தலையை எடுத்துவிடும். அதை வீட்டில் தொடவே வேண்டாம், டயர்க் கடைக் கூண்டுக்குள் வைத்து அடைக்கட்டும். பொதுவாகவே பெரிய லோரிகளை வீட்டில் கழற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கழற்றுமுன் புகையைப் பாருங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நிற்காமல் வரும் வெள்ளைப்புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்த்து, நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கழற்றாமல் விடுவதே புத்திசாலித்தனம். லேண்ட்ரோவரின் 2286 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு வால்வு இடைவெளி 0.010 அங்குலம், தீப்பொறி வரிசை 1-3-4-2. இந்த இரண்டையும் சரியாக வைத்து, ரேடியேட்டரையும் சுத்தம் செய்தாலே பல "செத்த" இன்ஜின்கள் எழுந்துவிடும்.

நம்மவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. ஜப்பானில் கழித்த வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டு வந்து விற்கும் ஹாப்கட் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன அல்லவா? அங்கிருந்து பெரிய டீசல் இன்ஜினை வாங்கிப் பழைய வண்டியில் மாட்டினால் என்ன என்பது அந்த ஆசை. மாட்டலாம். ஆனால் இன்ஜினை மாற்றினால் ஜே.பி.ஜே. அனுமதியும் பரிசோதனையும் வேண்டும், கிராண்டிலும் மாற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் விபத்து நேர்ந்த அன்று காப்புறுதி கைவிரித்துவிடும். அதைவிடப் பெரிய கேள்வி, வேகம் கூடிய வண்டியை அந்தப் பழைய டிரம் பிரேக் நிறுத்துமா என்பது. டீசலின் கணக்கும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது மானியத்தை எடுத்தபோது, விலை ஒரே நாளில் லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக ஏறியது.

இரும்பு வேலை நமக்குப் புதிதல்ல. செந்தூல் ரயில்வே பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் நம் முன்னோர் எத்தனை பேர் ஸ்பேனரும் அரமுமாக வாழ்ந்தார்கள்! தோட்டத்து ஆலைகளில் பிட்டராக இருந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டியில் திருகுகள் அங்குல அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு திருகினால் தலை வழுக்கிவிடும். கழற்றும் திருகுகளை மைலோ டப்பாக்களில் போட்டு, எந்தப் பாகத்தினுடையது என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது நினைவு கைகொடுக்காது, படம் கைகொடுக்கும். வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்ற வேண்டாம், பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் செலவு எழுதி வருவது அவசியம். அடிச்சட்டத்துக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கிய பணத்தை வேறெதற்கும் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நம் குடும்பங்களில் கணக்கைப் பெண்கள் கையில் கொடுத்தால் சாயம் கடைசிக்குத் தானாகவே போய்விடும் என்பது நம் எண்ணம்.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 88 அங்குலக் குட்டை லேண்ட்ரோவர் ஏறத்தாழ அரை டன் சுமப்பதற்காகச் செய்தது. 20 கிலோ செம்பனைக் குலை 25 ஏற்றினாலே அரை டன் ஆகிவிடும். புதுப்பித்ததால் வண்டியின் தாங்கும் சக்தி கூடிவிடவில்லை. ஆட்களைப் பின்தட்டில் ஏற்றும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும். லோரித் தட்டில் நின்றுகொண்டே பள்ளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய் வந்த தலைமுறை நாம். தட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் பெரியவரும் பிள்ளையும் ஒன்றாகத் தெறித்து விழுவார்கள். தோட்டங்களில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

பரிசோதனை என்றாலே நம்மவர்களுக்குக் கசப்பு. 2009ஆம் ஆண்டு, 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஏழைகளின் வண்டியைப் பிடுங்கும் திட்டம் என்று எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே அதைக் கைவிட்டார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, புதுப்பித்த வண்டியை ஒருமுறை புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் உருளைகளின் மேல் ஏற்றிப் பிரேக்கைச் சோதித்துக்கொள்வது நமக்கே நல்லது. நான்கு சக்கரங்களில் எது எவ்வளவு பிடிக்கிறது என்று அந்த இயந்திரம் எண்ணாகவே காட்டிவிடும். நம் கால் அதைச் சொல்லாது.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத தோட்டச் சாலையில், காலி வண்டியோடு, நடக்கும் வேகத்தில் செய்யுங்கள். பிரேக்கை மிதித்தால் வண்டி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? சிறிது தூரம் போனதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிதாக மாட்டியவை முதல் சில மைல்களில் தளரும். அடியில் குனிந்து எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வீடு திரும்பி, இறங்கியவுடன் நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். நான்கும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை நெருங்க முடியாமல் அனல் வீசினால், அந்தச் சக்கரத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு விடாமல் தேய்கிறது. மறுநாள் காலையில் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.